உண்ட வீடு

ஞாயிறு காளான் பறிக்கப் போய்வந்த ஓத்தகாரின்
முழங்கால் மடிப்பில்
ஒரு கசகசா ஒட்டிக்கொண்டிருந்தது.
கசகசாவுக்கு எட்டுக் கால்.

சாமணத்தால் நேராக இழுத்தேன்.
"உன் ஆய்வகத்துக்குச் சம்பளமில்லாத ஆள் நான்" என்றான்.
சமையலறை முழுக்க ஈரப் பைன் வாசம்,
கூடையில் பழுப்புத் தொப்பிகள்,
ஒன்றில் நத்தை.
உண்ணியைக் குழாயில் போட்டு மூடித்
தேதி எழுதினேன்.
கடித்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம்.

திங்கள்.
மால்ஷே ஆற்றின் மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது.
பசைநாடாவில் மல்லாத்தி ஒட்டிய எண்பது உண்ணிகள்.
மயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசி.
நாற்பதுக்கு,
ஒரேயொரு மரபணுவின் வாயைப் பொத்தும் மருந்து.
நாற்பதுக்கு வெறும் உப்புநீர்.
உணவறையில் ஸ்வதாவா
கசகசா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.
இருபது வருடமாக இந்த வேலை,
இருபது வருடமாக அதே ரொட்டி.

அந்த மரபணு உண்ணியின் பாட்டன் சொத்தல்ல.
மரம் என்பதே புதுச்செய்தியாக இருந்த காலத்தில்
ஒரு பாக்டீரியா
பக்கத்து பாக்டீரியாவின் சுவரைக் கிழிக்கத்
தீட்டி வைத்திருந்த கத்தி.
எப்படியோ கைமாறியிருக்கிறது.
விற்றவர் கையெழுத்து இல்லை, பத்திரமும் இல்லை.
அன்றிலிருந்து உண்ணி அதை
எச்சிலில் வைத்திருக்கிறது,
குடலில் வைத்திருக்கிறது.

வேறு காவலும் உண்டு அதற்கு:
நிறமற்ற குருதியில் சுற்றிவந்து
அந்நியரை விழுங்கும் அணுக்கள்,
உறையில் துளையிடும் குட்டிப் புரதங்கள்.
போன கோடையின் பகையை
நம் குருதிபோல் பெயர் சொல்லி நினைவில் வைக்காது.
வந்தவனை வந்த அன்றைக்குப் பார்த்துக்கொள்ளும்.

சுருள் கிருமியைத்தான் கேட்பீர்கள்.
நமக்கு மூட்டு வலியும் செவ்வளையமும் தருவது.
அதை உண்ணி ஒழித்துக்கட்டுவதில்லை.
அடக்கி வைக்கிறது.
ஊருக்குள் விடாமல்,
ஊரைவிட்டும் துரத்தாமல்,
எல்லையில் ஒரு குடிசை.

எட்டாம் நாள் உப்புநீர்க்காரிகள்
திராட்சைபோல் பருத்து நின்றார்கள்.
வாய் பொத்தப்பட்ட நாற்பதில்
பதினேழு கறுத்துக் குழைந்திருந்தன.
கொன்றது சுருள் கிருமி என்று நினைத்துத்
தட்டில் வளர்த்துப் பார்த்தேன்.
இல்லை.
வளர்ந்தவை மஞ்சள் புள்ளிகள்.
நம் தோலில் வாடகையின்றிக் குடியிருக்கும் சாதுக்கள்,
கைகுலுக்கும்போது நாம்
ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்பவை.

வெகுநேரம் அந்தத் தட்டை மூடவில்லை.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது உண்ணி என்கிறோம்.
வீட்டு வாசலிலேயே நஞ்சு தெளித்திருப்பதை
யார் அதனிடம் சொன்னார்கள்?
ஒவ்வொரு விருந்துக்கும்
திருடிய கத்தியோடுதான் அது வருகிறது.
அதன் அகராதியில்
காய்ச்சல் என்றால் நாம்தான்.

அன்று கையுறை போடுமுன்
இரண்டு முறை கை கழுவினேன்.
முதல்முறையாக
எனக்காக அல்ல.

மாலையில் ஞாயிற்றுக்கிழமைக் குழாயைத் திறந்து
நசுக்கிக் கண்ணாடியில் வைத்தேன்.
கருந்திரையில் வெள்ளி நூல்கள் நெளிந்தன.
எண்ணினேன்: பதினொன்று.
சில உண்ணிகளில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

"நல்லதா, கெட்டதா?" என்றான் ஓத்தகார்
விளக்கடியில் காலை நீட்டி.
பேனா வட்டம் பாதி அழிந்திருந்தது.
உள்ளே தோல் தோல்நிறத்தில் இருந்தது,
அல்லது விளக்கு மஞ்சள்.

"அது தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது" என்றேன்.
"யாரைச் சொல்கிறாய்?"

அழிந்த பாதியை மறுபடி வரைந்தேன்.
நாளை மருத்துவரிடம் போகச் சொன்னேன்.
காளான் சூப்பில் அவன்
கொஞ்சம் அதிகமாகவே மிளகு போட்டிருந்தான்.